ரிஷேரை நம்பலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட கரோலிங்கிய அரசர்களின் கடைசிக் காலம் பற்றிய உங்கள் கட்டுரை, அக்காலத்து ரீம்ஸ் நகரத் துறவி ரிஷேர் எழுதிய வரலாற்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அவர் எண்களை இட்டுக்கட்டுபவர், சொற்பொழிவுகளைத் தானே எழுதி அடுத்தவர் வாயில் வைப்பவர் என்று படித்தேன். அவரை எப்படி ஆதாரமாகக் கொள்வது?

கே.

அன்புள்ள கே,

இட்டுக்கட்டினார் என்பது உண்மைதான். அதைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் நம் அதிர்ஷ்டம். 919 முதல் 966 வரையிலான செய்திகளுக்கு அவர் பெரும்பாலும் நம்பியது, ரீம்ஸ் நகரத்து ஃப்ளோடோவார்டின் ஆண்டுக்குறிப்புகளை. இரண்டு நூல்களும் இன்று நம்மிடம் இருக்கின்றன. 923ல் நடந்த சுவாசோன் போரில் இறந்தோர் கணக்கை ஃப்ளோடோவார்ட் தரவில்லை. ரிஷேரோ ஒரு பக்கம் 11,969, மறுபக்கம் 7,118 என்கிறார்! அவர் கை எங்கெல்லாம் நீளும் என்று இப்படிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம்: போர், எண்கள், சொற்பொழிவு.

966ல் ஃப்ளோடோவார்ட் இறந்துவிடுகிறார். அதன்பின் விரிவாகப் பேசுபவர் ரிஷேர்தான். 987ல் சென்லிஸில், அரசுரிமை பிறப்பால் மட்டும் வருவதல்ல என்று ரீம்ஸ் பேராயர் அடால்பெரோ வாதிட்டு கரோலிங்கியர் அல்லாத ஹியூ கப்பேயை அரசராகத் தேர்ந்தெடுக்க வைத்ததாக அவர் எழுதுகிறார். தேர்தல் நடந்தது உண்மை. சொற்கள் ரிஷேருடையவை என்றே கொள்கிறேன். அவருடைய தந்தை கரோலிங்கிய அரசன் நான்காம் லூயியின் படைவீரர். ரிஷேரை இந்த வரலாற்றை எழுதச் சொன்ன ஜெர்பெர்ட்டோ அதே அடால்பெரோவின் செயலாளராக இருந்தவர். இரண்டு பக்கமும் இழுபட்டவர் எழுதிய பக்கங்கள் அவை.

ஆனால் நோயைப் பற்றி எழுதும்போது அவர் வேறு ஆள். மருத்துவம் படிப்பதற்காகவே 991ல் சார்த்ருக்குப் பயணம் போனவர். கடைசிக் கரோலிங்கிய அரசன் ஐந்தாம் லூயி இறப்பதற்கு முன் வேட்டையில் கீழே விழுந்ததையும், ஈரல் பகுதியில் வலி, காய்ச்சல், மூக்கிலும் தொண்டையிலும் ரத்தம் வந்ததையும் குறிக்கிறார். ஒரு தலைமுறை கழித்து தென்மேற்கு பிரான்சின் அக்கிட்டேனில் எழுதிய அடேமார் என்ற துறவியோ அவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்கிறார். நான் தயங்காமல் ரிஷேர் பக்கம் நிற்கிறேன்.

லான் நகரத்து விருந்தை மட்டும் நம்பத் தயங்குவேன். ஹியூவை எதிர்த்து அரசுரிமை கோரிய கரோலிங்கியரான லொரேனின் சார்ல்ஸ் பொற்கிண்ணத்து மதுவில் ரொட்டியைப் பிட்டுப் போட்டு, துரோகம் செய்வதானால் குடிக்காதே என்று அந்நகர ஆயர் அசெலினிடம் நீட்டுகிறார். அசெலின் வாங்கிக் குடிக்கிறார். அன்றிரவே சார்ல்ஸ் கைதாகிறார். 991ல் கைதானது உறுதி. ஆனால் அந்த விருந்தில் யூதாஸின் நிழல் மிகக் கனமாக விழுகிறது.

ஜெர்பெர்ட்டின் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவை நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டவை.