வேலையை விடுவதற்கு முன்

அன்புள்ள அக்கா,

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் ஏழு வருடமாக வேலை. மகனுக்கு ஒன்றரை வயது. அத்தைக்கு முட்டுவலி, பிள்ளையைத் தூக்க முடியவில்லை. "உன் சம்பளம் வந்துதான் வீடு நிறையணுமா? நம்ம பொம்பளைங்க எல்லாம் வீட்டைத்தானே பார்த்தாங்க" என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளையோடு இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் வேலையை விட மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

"நம்ம பொம்பளைங்க" என்றாரே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் சீமைப் பெண்கள் என்றைக்குச் சம்பாதிக்காமல் இருந்தார்கள்? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் மத்தியானம் நடந்து பாருங்கள். மடியில் சுளகு, அதில் பீடி இலையும் புகையிலைத் தூளும். இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டும் வரை கண் பார்க்காமலே கை ஓடும். தொட்டில் பிள்ளை சிணுங்கினால் கால் கயிற்றை இழுக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மகளுக்கு நகை, மகனுக்குப் படிப்பு எல்லாம் அந்தச் சுளகிலிருந்து வந்ததுதான். ஆனாலும், "அவ வீட்லதான் இருக்கா" என்றே சொல்வார்கள்.

1977இல் பீடித் தொழிலாளர்களுக்கும் பி.எப். என்கிற வருங்கால வைப்பு நிதி வந்தது. தன் பேரில் கம்பெனி பாஸ்புக் வைத்திருந்தவளுக்கு வயதான காலத்தில் கையில் கொஞ்சம் காசு நின்றது. அடுத்தவள் பாஸ்புக்கில் அவள் பேருக்குப் பீடி சுற்றிக் கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. உழைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பிள்ளையோடு இருக்க ஆசையென்றால் இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் பேரில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். முதலில் சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதி 2017 சட்டத் திருத்தத்தில் வந்தது. தாய் தினமும் நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். இதைத் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், பிள்ளைக்காரிகள் சேர்ந்து போங்கள். விட்டே ஆகவேண்டும் என்றாலும் பி.எப்.பைத் துடைத்து எடுத்துவிட வேண்டாம். பி.எப்.போடு சேர்ந்த பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தை எடுக்காமல் இதுவரை பார்த்த சர்வீசுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட்டை வாங்கி வைத்தால், நாளைக்கு வேறு வேலையில் சேரும்போது இந்த ஏழும் கணக்கில் வரும்.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள் பிள்ளைக்காக அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. காலையில் குளிப்பாட்டி, சோறூட்டிக் கிளப்புவதை ஒரு மாதம் அவர் பார்க்கட்டும். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.