முனை வளைந்த மதில்

வீடு, வீதி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் அரண்மனை, மணிக்கூண்டு என்று எதுவும் கிடையாது. எல்லாம் நாற்பது, ஐம்பது வருஷத்து வீடுகள். ‘நம் தெருவின் கட்டடங்கள்’ என்று ஒரு நாள் விழா நடத்த ஆசைப்படுகிறோம். “காட்ட என்ன இருக்கிறது?” என்கிறார்கள் சிலர். நடத்தலாமா?

பதில்: தாராளமாக நடத்துங்கள்.

முதன்முதலில் நான் ஒரு தெரு நடைக்கு, அதாவது கூட்டமாக நடந்து தெருவின் கட்டடங்களைப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு, தலைமை ஏற்றபோது கையில் மைக், பின்னால் நாற்பது பேர். கட்டிய ஆண்டு, பாணி, தூணின் உயரம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். தெருக்கோடியில் ஒரு மதில். அதன் முனை மட்டும் கூராக இல்லாமல் வளைந்திருந்தது. அழகுக்காகச் செய்தது என்றேன். கேட்டருகே நின்ற ஒரு பாட்டி, “இல்லப்பா, பிள்ளைங்க திரும்பும்போது எதிர்ல வண்டி வர்றது தெரியணும்னு எங்க வீட்டுக்காரர் சொந்த இடத்துல மூணடி விட்டுக் கட்டச் சொன்னார்” என்றார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனையோ வீடுகளுக்கு வரைபடம் போட்டவன் நான். இப்படி ஒரு காரணத்தை எந்த வரைபடத்திலும் குறித்ததில்லை. அதற்குப் பிறகு நடைகளில் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

உங்கள் விழாவிலும் வீட்டுக்காரர்களையே பேச வையுங்கள். ஒரு குழுவில் பதினைந்து பேர் போதும். ஒரு கிலோமீட்டருக்குள், நிழல் பார்த்து ஆறேழு இடங்களில் நில்லுங்கள். முக்கியமாக, அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார் யாராவது இருந்தால் தேடிப் பிடித்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். சன்ஷேடு ஏன் அவ்வளவு நீளம், படிக்கட்டு ஏன் வெளியே வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

நடந்து பார்ப்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். நகரங்களைப் பற்றிய சிந்தனையையே மாற்றிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் கட்டடக்கலை படித்தவர் இல்லை. தெருவில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள் என்று கவனித்தவர். அவர் 2006-ல் மறைந்தார். மறு ஆண்டு டொரண்டோவில் நண்பர்கள் அவர் நினைவாகத் தொடங்கிய நடை இன்று பல நாடுகளில் மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. அங்கே நடத்துபவரும் நடப்பவரும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான்.

கேள்வி: வீட்டுக்குள் வெளியாட்களை விட யாரும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்களே?

பதில்: வற்புறுத்தாதீர்கள். வாசலோடு நின்றாலே பாதிக் கதை கிடைத்துவிடும். கட்டடங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் ‘ஓபன் ஹவுஸ்’ என்ற விழா 1992-ல் லண்டனில் தொடங்கியது. அதில் தனியார் வீடுகளும் திறக்கிறார்கள். அதுவும் உரிமையாளர் விருப்பத்தில்தான். உள்ளே அழைத்தால் போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

கேள்வி: விழாவை ஒட்டி, பொரிந்திருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு சிமென்ட் பூசிப் பளிச்சென்று ஆக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு வழியாகச் சுவரின் ஈரம் வெளியேறும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, கொஞ்ச நாளில் பூச்சு உப்பிக் கழன்று வரும், செங்கல்லும் அரித்துப்போகும். பொரிந்த இடத்தை மட்டும் சுரண்டி, சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போடச் சொல்லுங்கள். நேரம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு, அந்தச் சுவர் முன்னாலேயே கொத்தனாரை நிறுத்தி இதைப் பேசச் சொல்லுங்கள்.