ஒன்பதாம் நம்பர் ஜெர்சி யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ரக்பிதான், அதுலயும் ஸ்க்ரம்-ஹாஃப் பத்திதான், அதாவது முன்னாடி முட்டி மோதுற ஃபார்வர்ட்ஸ்கிட்ட இருந்து பந்தை எடுத்து பின்னாடி நிக்கிற பேக்ஸுக்கு பாஸ் குடுக்குற 9-ஆம் நம்பர் ஆட்டக்காரர். எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்ங்கிறதால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஒரு நாட்டோட டீமுக்கு ஸ்க்ரம்-ஹாஃப் செலக்ட் பண்றப்போ முதல்ல எதை பாக்கணும்? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஹைலைட்ஸ் வீடியோ பாத்துட்டு யாரு நல்லா ஓடுறான், யாரு எத்தனை ட்ரை (எதிர் டீமோட கோட்டை தாண்டி பந்தை தரையில வைக்கிறது) போட்டான்னு அதை வச்சே பேசுறாங்க. பாஸ்தான் முக்கியம்னு நான் சொன்னா, நீ இன்னும் பழைய காலத்துலயே இருக்கன்னு வாயை அடைக்கிறாங்க.

பதில்: நீங்க சொல்றதுதான் சரி தம்பி, விட்டுக்கொடுக்காதீங்க. முதல்ல பாஸ், அப்புறம் பாஸ், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

ஏன்னு சொல்றேன். அடுத்த மேட்ச் பாக்கும்போது கொஞ்ச நேரம் பந்தை விட்டுட்டு 9-ஆம் நம்பரோட காலை மட்டும் பாருங்க. ரக்கு (தரையில கிடக்கிற பந்துக்காக ரெண்டு டீம்காரங்களும் முட்டித் தள்ளுறது) முடிஞ்சு பந்து பின்னாடி வந்து கிடக்கு, நல்ல ஸ்க்ரம்-ஹாஃப் ஓடி வர்றப்பவே பின்னங்கால் பந்துக்கு பக்கத்துல வந்து ஊணிடும், முன்னங்கால் பாஸ் போக வேண்டிய திசையை பாத்து நிக்கும், கை பந்தை தொட்டதும் அது தரையில இருந்து அப்படியே வழிச்சு எடுத்த மாதிரி கிளம்பிடும், இடுப்பு உயரத்துக்கு தூக்கவே மாட்டான். இன்னொருத்தன் என்ன பண்ணுவான்னா குனிஞ்சு பந்தை எடுப்பான், நிமிர்வான், ரெண்டு ஸ்டெப் வைப்பான், அப்புறம் வீசுவான். டிவில பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா அந்த ரெண்டு ஸ்டெப்புக்கு அரை செகண்ட் போயிடுது. எதிர் டீம் டிஃபென்ஸ் செகண்டுக்கு 6 மீட்டர் வேகத்துல ஏறி வந்தா அந்த அரை செகண்ட்ல 3 மீட்டர் முன்னாடி வந்துடுவாங்க, உங்க ஃப்ளை-ஹாஃப் (9 பக்கத்துல நின்னு பாஸை வாங்குற 10-ஆம் நம்பர்) பந்தை பிடிக்கிறப்போ அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு ஆள் நிப்பான். அப்புறம் அவனுக்கு வெளிப்பக்கம் நிக்கிற சென்டர் சரியில்ல, ஓரத்துல ஓடுற விங்கருக்கு பந்தே வரலன்னு எல்லாரையும் திட்டுறோம், தப்பு ஆரம்பிச்சது அந்த ரெண்டு ஸ்டெப்லதான்.

நியூசிலாந்தோட ஆரன் ஸ்மித் 2012-ல இருந்து 2023 வேர்ல்ட் கப் வரைக்கும் ஆடினாரு, நூறு டெஸ்டுக்கு (நாட்டுக்கு நாடு ஆடுற மேட்ச்) மேல. உருவத்துல சின்ன ஆளுதான், ஆனா அவர் பாஸை பிடிக்கிறவன் நிக்கவே வேண்டியதில்ல, ஓடுற ஓட்டத்துலயே நெஞ்சுக்கு முன்னாடி பந்து வந்து சேரும். அவருக்கு வெளிப்பக்கம் நின்னவங்க எல்லாம் அவ்வளவு நல்லா தெரிஞ்சதுக்கு பாதி காரணம் அவர் கைதான்னு நான் நம்புறேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீசணும்ங்கிறதையும் மறந்துடாதீங்க. ஒரு பக்கம் 12 மீட்டரும் இன்னொரு பக்கம் 8 மீட்டரும் வீசுறவன்னா எதிர் டீம் அனலிஸ்ட் ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுடுவான்.

ஓட்டம் வேண்டாம்னு சொல்லல. ஃப்ரான்ஸோட ஆன்ட்வான் டுபான் மாதிரி ஒருத்தர் கிடைச்சா எந்த நாடு வேண்டாம்னு சொல்லும், 2021-ல உலகத்தோட சிறந்த ஆட்டக்காரர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல செவன்ஸ்லயும் (ஏழு பேர் ஆடுற ரக்பி) தங்கம். ஆனா ஒண்ணை கவனிங்க, டுபானோட பாஸ் மட்டும் சுமாரா இருந்திருந்தா டிஃபென்ஸ் அவர் ஓட்டத்தை மட்டும் பாத்து நின்னிருக்கும். பாஸ் போகும்ங்கிற பயத்துல பக்கத்துல இருக்கிறவன் ஒரு அடி வெளிய நகர்றான் பாருங்க, அந்த ஒரு அடி சந்துலதான் அவர் புகுந்து போறாரு.

கேள்வி: அப்போ பாக்ஸ் கிக், அதான் ரக்குக்கு பின்னாடி இருந்து 9 பந்தை உயரமா அடிக்கிறது? பந்தை சும்மா மேல அடிச்சு எதிராளிகிட்ட குடுக்குறாங்கன்னு எனக்கு எரிச்சலா வரும். அதுக்காகவே ஒருத்தரை செலக்ட் பண்ணலாமா?

பதில்: எரிச்சல் புரியுது, ஆனா நல்ல பாக்ஸ் கிக் பந்தை தூக்கிக் குடுக்குறது கிடையாது. பந்து மேல போய் சுமார் 4 செகண்ட் காத்துல இருக்கணும், நம்ம விங்கர் ஓடிப் போய் சேர்ற இடத்துல அதே நேரத்துக்கு இறங்கணும். 5 மீட்டர் நீளமா போனா எதிராளி நிம்மதியா பிடிச்சு திருப்பி அடிப்பான், 5 மீட்டர் குறைஞ்சா நம்ம ஆளு பந்தை தாண்டிப் போயிடுவான். ரெஃப்ரி 'யூஸ் இட்' (பந்தை எடுத்து ஆடு)னு சொன்னதும் 5 செகண்ட்தான் டைம், ரக்குக்கு ரெண்டு பக்கமும் சார்ஜ் டவுன் பண்ண, அதாவது கிக்கை மறிச்சு தடுக்க, கையை தூக்கிட்டு ஆளுங்க பாயுறாங்க, இதுக்கு நடுவுல அளந்து அடிக்கணும்.

2024 நவம்பர் டெஸ்ட் மேட்ச்களுக்கு முன்னாடி இன்னொரு மாற்றமும் வந்துச்சு. கிக்கை பிடிக்கிறவனுக்கு முன்னாடி அவன் டீம்காரங்க சுவர் மாதிரி நடந்து வந்து துரத்துறவனை மறைப்பாங்கல்ல, அதை ரெஃப்ரிங்க கண்டிப்பா பிடிக்க ஆரம்பிச்சாங்க. அதனால இப்போ காத்துல பந்துக்கு நிஜமாவே போட்டி நடக்குது, நல்லா அடிக்கிற 9-க்கு மதிப்பு கூடிப்போச்சு. கண்டிப்பா பாக்க வேண்டிய திறமை, ஆனா பாஸுக்கு அடுத்ததுதான். கிக்கை ஃப்ளை-ஹாஃபோ கடைசியில நிக்கிற ஃபுல்-பேக்கோ கொஞ்சம் பங்கு போட்டுக்கலாம், ரக்குல இருந்து பாஸை யாரும் பங்கு போட்டுக்க முடியாது.

இடதுகால்ல அடிக்கிறவர் இருந்தா கூடுதல் வசதி. சவுத் ஆஃப்ரிக்காவோட ஃபாஃப் டி க்ளெர்க் அப்படித்தான், வலதுகால்காரருக்கு சிரமமா இருக்கிற பக்கத்துல அவருக்கு கோணம் சுலபமா அமைஞ்சுடும்.

கேள்வி: சார், ஸ்க்ரம்-ஹாஃப்னா குள்ளமாத்தான் இருக்கணுமா?

பதில்: இல்ல. வேல்ஸோட மைக் ஃபிலிப்ஸ் 1.91 மீட்டர், பாக்க ஃப்ளாங்கர்ங்கிற ஃபார்வர்ட் மாதிரி இருப்பாரு, வேல்ஸுக்கு 94 டெஸ்ட் ஆடினாரு. உயரம் கம்மியா இருந்தா தரையில கிடக்கிற பந்துக்கு சீக்கிரம் குனிய முடியும், அவ்வளவுதான். ஆனா டேக்கிள் பண்ண பயப்படுறவரை மட்டும் எடுக்காதீங்க. 1995 வேர்ல்ட் கப் ஃபைனல்ல வேகமா வந்த நியூசிலாந்து விங்கர் ஜோனா லோமுவை சவுத் ஆஃப்ரிக்காவோட யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் சாய்ச்சாரு, 1994-ல நியூசிலாந்தோட ஜெஃப் வில்சன் கோட்டை தாண்டி விழப்போற கடைசி நொடியில ஜார்ஜ் க்ரெகன் மேல விழுந்து பந்தை தட்டி விட்டு ஆஸ்திரேலியாவை ஜெயிக்க வச்சாரு. ரெண்டு பேருமே 9.

கேள்வி: எங்க வீட்ல பெரிய சண்டை. ஒரு டீம்ல 32 வயசு ஆளு ஒருத்தர், 70 டெஸ்ட் ஆடினவர், இந்த சீசன் கிளப்ல சுமார். இன்னொருத்தர் 22, கிளப்ல பிச்சு உதறுறார், டெஸ்ட் ஆடினதே இல்ல. பெரிய மேட்சுக்கு யாரு?

பதில்: இதுக்கு ஒரு பழைய மேட்ச் சொல்லணும். 2003 வேர்ல்ட் கப் ஃபைனல், சிட்னி, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17-17, எக்ஸ்ட்ரா டைம்ல கடைசி நிமிஷம். லைன்-அவுட்ல (வெளிய போன பந்தை ஓரத்துல இருந்து உள்ள வீசுறது) இருந்து இங்கிலாந்து பந்தை எடுத்துட்டாங்க, ஜானி வில்கின்சன் ட்ராப் கோலுக்கு (பந்தை தரையில விட்டு எகிறுறப்போ கோல் கம்பத்துக்கு நடுவுல அடிக்கிறது) பின்னாடி போய் நிக்கிறாரு, ஆனா தூரம் கொஞ்சம் அதிகம். அப்போ ஸ்க்ரம்-ஹாஃப் மேட் டாசன், எல்லாரும் பாஸ்னு நினைச்சுட்டு இருக்கிறப்போ, ரக்கு பக்கத்துல ஒரு சந்தை பாத்து தானே பந்தோட பாஞ்சு நல்ல தூரம் உள்ள போயிட்டாரு. இப்போ என்ன சிக்கல்னா பாஸ் குடுக்க வேண்டிய ஆளே ரக்குக்கு அடியில கிடக்கிறாரு. உடனே ஃபார்வர்டான நீல் பேக் 9 மாதிரி நின்னு பந்தை எடுத்து கேப்டன் மார்டின் ஜான்சனுக்கு குடுக்க, ஜான்சன் சும்மா நேரா முட்டி இன்னொரு ரக்கை உண்டாக்கினாரு, எதுக்கு, டாசன் எழுந்து தன் இடத்துக்கு வரணும்ல. டாசன் வந்தாரு, பாஸ் போச்சு, வில்கின்சன் வலதுகால்ல அடிச்சாரு, 20-17.

இதை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அந்த இடத்துல டாசன் காட்டினது கை வேகம் மட்டும் கிடையாது, ட்ராப் கோலுக்கு தூரம் அதிகம், இன்னும் கொஞ்சம் முன்னாடி போகணும், அதுக்கு இப்போ நேரம் இருக்குன்னு கணக்கு போட்ட மூளை. உலகத்துலயே பெரிய மேட்ச், நுரையீரல் எரியுற நேரம், அப்போ அந்த கணக்கு தப்பாம வரணும். அதோட ஜான்சன் மாதிரி ஒரு கேப்டன் டாசனுக்காக காத்திருக்காரு பாருங்க, அந்த கடைசி பாஸ் அவர் கையில இருந்துதான் போகணும்னு டீமுக்கே ஒரு நம்பிக்கை.

அதனால உங்க கேள்விக்கு என் பதில்: 32 வயசுக்காரரோட பாஸ் வேகம் குறையாம இருந்தா பெரிய மேட்ச்ல அவரே ஸ்டார்ட் பண்ணட்டும். கிளப்ல ட்ரை குறைஞ்சுதுன்னா பரவாயில்ல, ரக்குக்கு வந்து சேர்ற நேரம் கூடியிருக்கான்னு பாருங்க, ஏன்னா வயசு முதல்ல அங்கதான் காட்டும். 3 செகண்டுக்குள்ள வெளிய வர்ற பந்தைத்தான் வேகமான பந்துன்னு கோச்சுங்க கணக்கு வைக்கிறாங்க, ஃபார்வர்ட்ஸ் உயிரைக் குடுத்து அப்படி எடுத்துக் குடுத்த பந்துகிட்ட 9 ஒரு செகண்ட் லேட்டா வந்தா எல்லாம் வீண். அப்படி லேட்டா வர ஆரம்பிச்சுட்டார்னா எத்தனை டெஸ்ட் ஆடியிருந்தாலும் மாத்தித்தான் ஆகணும். இதுல தயவு தாட்சண்யம் பாக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன், எழுதுறப்போ மனசு கஷ்டமாத்தான் இருக்கு. 22 வயசுக்காரரை பெஞ்ச்ல வச்சு 50-வது நிமிஷத்துக்கு மேல இறக்குங்க, களைச்சுப்போன டிஃபென்ஸ்ல அவர் ஓட்டத்துக்கு இடம் கிடைக்கும்.

இன்னொண்ணும் பாக்கணும், பக்கத்துல நிக்கிற 10 யாரு? ஆஸ்திரேலியாவுல க்ரெகனும் ஸ்டீஃபன் லார்க்கமும், அயர்லாந்துல கானர் மர்ரியும் ஜானி செக்ஸ்டனும் வருஷக்கணக்கா சேர்ந்து ஆடினவங்க, ஒருத்தர் தலையை திருப்பினாலே மத்தவருக்கு புரியும். புது 10-ஐயும் புது 9-ஐயும் ஒரே நாள்ல இறக்குறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கேள்வி: பெஞ்ச்ல ஸ்க்ரம்-ஹாஃபே இல்லாம போறது தைரியமா, மடத்தனமா?

பதில்: 2023 வேர்ல்ட் கப்பை மனசுல வச்சு கேக்குறீங்கன்னு தெரியுது. சவுத் ஆஃப்ரிக்கா 33 பேர் ஸ்குவாடுக்கு நாலு ஸ்க்ரம்-ஹாஃப் கூட்டிட்டு போனாங்க: டி க்ளெர்க், கோபஸ் ரைனாக், ஜேடன் ஹென்ட்ரிக்ஸ, க்ராண்ட் வில்லியம்ஸ். காலிறுதியிலயும் செமிலயும் ரைனாக் ஸ்டார்ட், டி க்ளெர்க் பின்னாடி இறங்கினாரு. ஃபைனல்ல பாத்தா டி க்ளெர்க் ஸ்டார்ட், பெஞ்ச்ல 7 ஃபார்வர்ட்ஸ், ஒரே ஒரு பேக், அதுவும் வில்லி லெ ரூ, ஃபுல்-பேக். டி க்ளெர்க் 80 நிமிஷமும் நின்னாரு, 12-11-ல கப் வந்துச்சு. ஜெயிச்சதால அது சரின்னு ஆயிடாது, 10-வது நிமிஷத்துல அவருக்கு முழங்கால் போயிருந்தா கதை வேற.

எனக்கு பிடிச்ச உதாரணம் ஃப்ரான்ஸ். 2025 மார்ச், டப்ளின்ல அயர்லாந்துக்கு எதிரா அவங்களும் 7 ஃபார்வர்ட்ஸ் 1 பேக்னுதான் போனாங்க, ஆனா அந்த ஒரு பேக் ஸ்க்ரம்-ஹாஃப் மாக்சிம் லூகு. முதல் பாதியிலயே டுபானுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சு போச்சு. உலகத்தோட சிறந்த 9 வெளிய போறாரு, லூகு இறங்கி எந்த அலட்டலும் இல்லாம பாஸையும் கிக்கையும் சரியா பண்ணிட்டே இருந்தாரு, ஃப்ரான்ஸ் 42-27. அப்புறம் ஒரு சென்டரும் வெளிய போனப்போ ஃப்ளாங்கர் ஆஸ்கார் ஜெகூவை அங்க நிக்க வச்சு சமாளிச்சாங்க. சென்டர் இடத்தை ஒரு ஃப்ளாங்கர் சமாளிக்கலாம், 9-ஐ யாராலயும் அப்படி சமாளிக்க முடியாது. பெஞ்ச்ல ஒரே ஒரு பேக்குக்குத்தான் இடம்னா அது ஸ்க்ரம்-ஹாஃபாத்தான் இருக்கணும்.

கேள்வி: வேற நாட்டுல பிறந்தவரை எடுத்து 9 ஆக்குறது நியாயமா?

பதில்: ரூல் படி சரின்னா சரி. முன்னாடி 3 வருஷம் அங்க இருந்தா போதும், 2021 கடைசியில இருந்து 5 வருஷமாச்சு. நியூசிலாந்துல பிறந்த ஸ்க்ரம்-ஹாஃப் ஜேமிசன் கிப்சன்-பார்க் இல்லாம அயர்லாந்து அவ்வளவு வேகமா ஆடியிருக்குமா, யோசிச்சு பாருங்க.

கேள்வி: அண்ணா, எனக்கு 17 வயசு, பொண்ணு, 9 ஆடுறேன். கோச் என்னை பாஸ் ஸ்லோன்னு சொல்லி விங்குக்கு மாத்தப் பாக்குறாரு. என்ன பண்ண?

பதில்: தங்கச்சி, ஒரு மாசம் டைம் கேளுங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற மாதிரி 9-க்கு ஃபார்வர்ட்ஸ்கிட்டயும் திட்டு, பேக்ஸ்கிட்டயும் திட்டு, அதை தாங்கிட்டு இன்னும் அங்கயே ஆடணும்னு நினைக்கிறீங்கன்னா உங்களுக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு.

நானும் 9 ஆடினவன், எனக்கும் இதே குறை இருந்துச்சு, நான் பண்ணினதை சொல்றேன். முட்டி போட்டு உக்காந்துக்கோங்க, பந்து தரையில, எழுந்திருக்காம சுவத்துல ஒரு குறி வச்சு இடது பக்கம் 50, வலது பக்கம் 50 வீசுங்க. முட்டி போட்டிருக்கிறதால ஸ்டெப் வைக்க முடியாது, உடம்பை சுழட்டி தூக்க முடியாது, மணிக்கட்டும் முன்னங்கையும்தான் வேலை செஞ்சாகணும். ரெண்டாவது வாரத்துல இருந்து பந்தை தண்ணில முக்கி எடுத்து வீசுங்க, மழை நாள்ல கை வழுக்காது. மூணாவது வாரம் நின்னு வீசுங்க, ஃப்ரெண்ட் யாராச்சும் பின்னாடி இருந்து காலை மட்டும் ஃபோன்ல வீடியோ எடுக்கட்டும், பந்தை தொட்டதுக்கும் அது கையை விட்டு போறதுக்கும் நடுவுல எத்தனை ஸ்டெப்னு எண்ணுங்க. முதல் நாள் ரெண்டு வரும், ஒண்ணாகணும், அப்புறம் ஒண்ணும் இல்லாம ஆகணும்.

நியூசிலாந்தோட கெண்ட்ரா காக்ஸெட்ஜ் ஆடின மேட்ச் வீடியோ தேடி பாருங்க, 9-ல நின்னுக்கிட்டே கோல் கிக்கும் அடிச்சவங்க, 2015-ல உலகத்தோட சிறந்த வீராங்கனை. அவங்க ரக்குக்கு வந்து சேர்ற விதத்தை மட்டும் பாருங்க. மாசக் கடைசியில முதல் நாள் வீடியோவையும் கடைசி நாள் வீடியோவையும் கோச்சுகிட்ட காட்டிட்டு, அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.