குல்லாவும் ஹெட்போனும்

கேள்வி: காதை முழுதாக மூடும் ஹெட்போன் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கடையில் கேட்டபோது மிருதங்கம் நெஞ்சில் அதிர்ந்தது, வீட்டில் டப்பாவைத் தட்டுவது போல் இருக்கிறது. ஈக்வலைசரில் பேஸைக் கூட்டியும் பலனில்லை. குளிருக்கு எப்போதும் குல்லா போட்டிருப்பேன், கண்ணாடியும் உண்டு. வேறு ஹெட்போன் வாங்கவா?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: வாங்காதீர்கள். முதலில் குல்லாவைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பேஸுக்கு அடைத்த காற்று வேண்டும். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் கம்பளி இருந்தால் அதன் பின்னல் கண்ணெல்லாம் காற்றுக்கு வழிதான். மெதுவாக அசைகிற தாழ்ந்த ஒலியின் அழுத்தம் காதுக்குள் சேருவதற்குள் அந்த வழியாகக் கசிந்துவிடும். வேகமாக அதிரும் மேல் ஒலிகளுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அதனால்தான் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் 'கும்' போய், வலப்பக்கமான வலந்தலையின் தட்டு மட்டும் மிஞ்சுகிறது. ஈக்வலைசரில் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

அதே பாட்டைப் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கப்பை லேசாக அழுத்திப் பாருங்கள். 'கும்' சட்டென்று எழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கண்ணாடிக் கம்பி காதுக்கு முன்னால் மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும், விரல் வைத்தால் அந்த இடுக்கு தெரியும். மெல்லிய கம்பியுள்ள பிரேம் என்றால் கசிவு குறையும். காதோர முடியையும் ஒதுக்கிவிடுங்கள். குல்லா இல்லாமல் முடியாது என்றால், ஹெட்போனை மாட்டிவிட்டு அதற்கு மேல் குல்லாவை இழுத்துவிடுங்கள், ஜனவரியில் நான் அப்படித்தான் கேட்கிறேன்.

அப்புறம், கப்பை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். தாழ்ந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், மேல் ஒலியான 10,000 ஹெர்ட்ஸுக்கோ வெறும் 3.4 செ.மீ. ஆகவே சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஜால்ராவின் ஒலி மாறும். காது மடல் எதிலும் மடங்காமல் நடுவில் உட்கார வேண்டும். மெத்தை அமுங்கித் தட்டையாகிவிட்டால் மெத்தையை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் நன்றாகக் கேட்கிற இயர்பட்ஸ், பஸ் மலை ஏற ஏற மங்குகிறது. இயர்பட்ஸில் கோளாறா?
- கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: இல்லை, இது காதின் வேலை. ஊட்டிக்குள் சுமார் 1,900 மீட்டர் ஏறிவிடுகிறீர்கள், வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று அதை வெளியே தள்ளி விறைக்க வைக்கிறது. விறைத்த பறை சரியாக அதிராது. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், 'டப்' என்று திறந்துகொள்ளும். சத்தம் குறைகிறதே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள், காது திறந்த நொடியில் அத்தனையும் உள்ளே அறையும்.

பட்ஸை மாட்டும்போது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு ரப்பர் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஃபோம் முனை என்றால் குளிரில் கெட்டியாகிவிடும், விரலால் கசக்கி உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்திருங்கள். சளி பிடித்த நாளில் காது சீக்கிரம் திறக்காது, அன்றைக்குப் பாட்டை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கேளுங்கள்.