பார்படோஸ் வீடு: தரகர் கணக்கை நம்பாதீர்கள்

கரீபியன் தீவான பார்படோஸின் மேற்குக் கரையில், ஹோல்டவுன் ஊர்ப் பக்கம் வீடு வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா என்கிறீர்கள். 'வருடம் முழுக்க ஆள் இருக்கும்' என்று தரகர் சொன்னாராம். சொல்லத்தான் செய்வார்! நல்ல வாடகை டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரைதான். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பார்படோஸ் எப்போதும் தப்பிவிடும் என்பார்கள். ஆனால் 2021இல் எல்சா புயல் அங்கே கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதனால் காப்பீட்டுக் கட்டணத்தையும், புயல் சேதத்தில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், பலர் கோட்டைவிடுவது இதில்தான்: வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பணத்தை அந்நாட்டு மத்திய வங்கியில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வீட்டை விற்ற பணத்தை வெளியே எடுப்பது பெரும்பாடு. வக்கீல் செய்து தருவார். ஆனால் விற்பவரின் வக்கீல் வேண்டாம்.