வினவல்களை முதலில் எண்ணுங்கள்

கேள்வி: பைத்தான் மொழியின் வலைச் சட்டகமான ஜாங்கோவையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் கொண்டு விற்பனைக்கான மென்பொருள் எழுதி வருகிறேன். 500 ஆர்டர்களைக் காட்டும் பக்கம் திறக்கப் பல நொடிகள் ஆகின்றன. நிரல் வரிகளைத் தரவுத்தள வினவல்களாகத் தானே மாற்றித் தரும் ஓ.ஆர்.எம்.-ஐக் கைவிட்டு, எல்லாவற்றையும் நேரடியாகத் தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.-இல் எழுதும்படி எங்கள் குழுவின் மூத்தவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தப் பக்கம் ஒருமுறை திறப்பதற்குள் எத்தனை வினவல்கள் (தரவு கேட்கும் கட்டளைகள்) தரவுத்தளத்துக்குப் போகின்றன என்று, அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும் ஜாங்கோ டீபக் டூல்பாரில் பாருங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளரின் பெயரை லூப்புக்குள் கேட்டிருந்தால், பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு 500 என்று 501 வினவல்கள் போயிருக்கும். ஒன்றுக்கு 5 மில்லி நொடிதான் என்றாலும் இரண்டரை நொடி அதிலேயே கரைந்துவிடும். ஒரு புள்ளி வைத்துப் பெயரைக் கேட்கும் அந்தச் சாதாரண வரிக்குள் ஒரு வினவல் இருப்பது கண்ணில் படாது என்பதே ஓ.ஆர்.எம்.-இன் உண்மையான ஆபத்து. 'செலக்ட்_ரிலேட்டட்' என்று சேர்த்தால், இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் செய்து (இணைத்து) ஒரே வினவலில் எடுத்துவிடும்.

வினவல்கள் குறைவாக இருந்தும் பக்கம் மெதுவாகத் திறந்தால், வினவலைத் தரவுத்தளம் எப்படி இயக்குகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' போட்டுப் பாருங்கள். தேதிப் பத்திக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் குறிப்பு) இல்லாததுதான் காரணம் என்றால், அதே வினவலைக் கையால் எழுதினாலும் வேகம் கூடாது.

ஆனாலும் உங்கள் மூத்தவர் சொல்வதில் நியாயம் உண்டு. மாதவாரி விற்பனையை முந்தைய மாதத்தோடு ஒப்பிடும் அறிக்கை போன்றவற்றை ஓ.ஆர்.எம்.-இலும் எழுத முடியும் என்றாலும், நான் எஸ்.க்யூ.எல்.-ஐயே விரும்புவேன், ஆறு மாதம் கழித்துத் திருத்த வருபவருக்கு அதுவே எளிதில் புரியும். ஜாங்கோவின் கனெக்ஷன் வழியாகவே அதை இயக்கினால், ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுப்புக்குள்) இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்தலாம். பயனர் தட்டச்சு செய்வதைச் சரத்தோடு ஒட்டி வினவல் ஆக்காமல், எப்போதும் பாராமீட்டராகவே (வினவலிலிருந்து தனியான மதிப்பாக) அனுப்புங்கள், எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன், அதாவது வெளியாள் தன் கட்டளையை வினவலுக்குள் புகுத்தும் தாக்குதல், நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஆர்டர் சேர்ப்பது, திருத்துவது போன்ற அன்றாட வேலைகளை ஓ.ஆர்.எம்.-இடமே விடுங்கள். அவற்றை நேரடி எஸ்.க்யூ.எல்.-இல் செய்தால், மாடலின் (அட்டவணையைக் குறிக்கும் ஜாங்கோ வகுப்பின்) 'சேவ்' மெத்தடில் நீங்கள் எழுதி வைத்த சரிபார்ப்புகள் எதுவும் ஓடாது. வரிக் கணக்கு அங்கே இருந்தால், பில் தவறாகப் போய்விடும்.