நடவு வயலில் தலைசுற்றல்: பிரஷர் ஏறியதா, இறங்கியதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 56 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். குறுவை நடவுக்குப் போன இடத்தில் இரண்டு முறை திடீரென்று தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் ஏறிவிட்டது என்று கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். இது சரியா?

பதில்: தயவுசெய்து அந்தக் கூடுதல் மாத்திரை வேண்டாம். பிரஷர் ஏறியதைவிட இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். வெகுநேரம் குனிந்து நாற்று ஊன்றியவர் சட்டென்று நிமிரும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். ரத்தக்குழாய்கள் சுருங்கி அதை ஈடுகட்ட வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போன உடம்பில், அதிலும் சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, அது நடக்காது. கண் இருட்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். 5 நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் எடுங்கள். எழுந்து நின்ற 1-வது, 3-வது நிமிடத்தில் மறுபடி எடுங்கள்; ஒருவர் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நிற்கட்டும். பட்டை கட்டிய கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி, இறக்கத்தை மறைத்துவிடும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். மூன்று அளவையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை மாற்றுவது அவர் வேலை. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

விடியற்காலையில் சர்க்கரை மாத்திரையும் டீயும் மட்டும் குடித்துவிட்டு வயலில் இறங்குகிறாரா? கை நடுங்கி, குப்பென்று வியர்த்துச் சுற்றினால் சர்க்கரை இறங்கியிருக்கும். 70-க்குக் கீழ் இருந்தால், அல்லது அளக்க வழியில்லை என்றால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

படுக்கையில் புரளும்போது வீடே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றால் அது வேறு. உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கும். காது-மூக்கு-தொண்டை டாக்டர் தலையை ஒரு வரிசைப்படி திருப்பியே சரிசெய்வார்.

ரத்தசோகையையும் விட்டுவிடாதீர்கள், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை வயிற்றில் ரத்தம் கசியவைக்கும். மலம் தார்போலக் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனை.

வாய் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சு குழறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது, நெஞ்சுவலி: இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் ஸ்கேன் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். அம்மா கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.